அரசரை விழவைத்த தையல்

வாருங்கள், உட்காருங்கள். அவசர வேலை இருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கதை கோபித்துக்கொள்ளாது. இருப்பவர்கள் கேளுங்கள்.

நெடுங்காலத்துக்கு முன்னால் கடம்பனேரி என்றொரு நாடு இருந்தது. சேந்தன் என்ற அரசர் அதை ஆண்டுவந்தார். நல்லவர். நல்ல கனமும் உள்ளவர். ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் கார்முகில் என்ற கறுப்புக் குதிரையின் மேல் ஏறிக் கோட்டையைச் சுற்றி வருவார். மக்கள் பார்ப்பார்கள். அரசர் கையசைப்பார். அவ்வளவுதான் திருவிழா.

ஓர் ஆண்டு, வடக்கு வாசலுக்கு எதிரே கையசைத்துக்கொண்டிருந்த அரசர் குதிரையிலிருந்து விழுந்தார்.

முதலில் சேணம் சரிந்தது. அடுத்து அரசர் சரிந்தார். கடைசியில் கிரீடம் உருண்டது. யாரும் சிரிக்கவில்லை. அரசரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் இருந்தது. சிலர் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் அரசவை கூடியது. அரசர் விழுந்ததற்குக் காரணம் யார் என்று விசாரித்தார்கள்.

சோதிடர் எழுந்து, "காரணம் சனி" என்றார். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். சனி மிகத் தொலைவில் இருந்தது. அதைப் பிடித்து வர முடியாது என்று முடிவாயிற்று.

படைத்தலைவர் எழுந்தார். சேணங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. "காரணம் சாலை" என்றார்.

அமைச்சர் எழுந்தார். சாலைகள் எல்லாம் அவர் பொறுப்பு. "காரணம் குதிரை" என்றார்.

குதிரை எதுவும் சொல்லவில்லை. ஆகவே குற்றம் உறுதியாயிற்று. வரும் பௌர்ணமியன்று கார்முகிலைப் புலிக்காட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

அரசரின் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டவள் வெண்ணி என்ற பெண். கார்முகில் பிறந்த அன்றே அதன் தாய் செத்துப்போயிற்று. ஆட்டுப்பாலில் துணியை நனைத்து, அதை அந்தக் குட்டியின் வாயில் வைத்து வளர்த்தவள் வெண்ணிதான். தீர்ப்பைக் கேட்டு அவள் அழவில்லை. நேராக வடக்கு வாசலுக்குப் போனாள். அரசர் விழுந்த இடத்தில் புழுதிக்குள் கிடந்த வாரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள்.

வார் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சேணத்தைக் குதிரையின் முதுகில் நிறுத்துவது வயிற்றைச் சுற்றிக் கட்டும் ஒரு தோல் பட்டை. அதன் ஒவ்வொரு முனையையும் ஓர் இரும்பு வளையத்துக்குள் விட்டு மடித்து, அந்த மடிப்பைத் தைத்துவிடுவார்கள். ஏறி உட்கார்ந்திருப்பவரின் உயிர் அந்த மடிப்புத் தையலில்தான் இருக்கிறது. பெரும்பாலும் அவருக்கு அது தெரியாது.

கடைத்தெருவில் தோல் தைப்பவன் அந்துவன். அந்த நாட்டிலேயே வேகமான கை அவனுடையது. ஒற்றை ஊசியை மேலே விட்டுக் கீழே இழுப்பான், கீழே விட்டு மேலே இழுப்பான். பார்ப்பவர்களுக்கு ஊசி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். தைத்து முடித்தால் எறும்புகள் வரிசையாகப் போவதுபோல இருக்கும். நாட்டிலுள்ள சேணங்கள் அத்தனையும் அவன் தைத்தவை.

வெண்ணி வாரை அவன் முன்னால் போட்டாள்.

"இது நீங்க தைச்சதுதானே அண்ணே?"

அந்துவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆமா. எவ்வளவு அழகா இருக்கு பாரு."

"அழகாத்தான் இருக்கு. அறுந்தும் இருக்கு."

"என் தையல் அறாது, தங்கச்சி. ஏறத் தெரியாதவங்க ஏறினா நான் என்ன பண்ண முடியும்?"

"ஏறினது அரசர்."

அந்துவன் சற்று யோசித்து, "அரசரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை" என்றான்.

வெண்ணி அரண்மனைக்குப் போனாள். "அரசே, புது வார் போட்டு, உங்கள் கனத்துக்குச் சமமான மூட்டையை ஏற்றிக் கார்முகிலைக் கோட்டையைச் சுற்றிவரச் செய்கிறேன். மூட்டை விழுந்தால் குதிரை காட்டுக்குப் போகட்டும். விழாவிட்டால் அது என்னோடு வரட்டும்" என்று கேட்டாள்.

அரசர் தலையசைத்தார். அமைச்சர் குறுக்கிட்டார். "குதிரை குற்றமற்றது என்றால் பழைய வார்தான் குற்றவாளி. அப்படியானால் அதைத் தைத்தவனின் வலதுகைக் கட்டைவிரலை வெட்ட வேண்டும். அரசர் விழுந்திருக்கிறார், யாராவது தண்டனை பெறத்தானே வேண்டும்?"

அதற்கும் அரசர் தலையசைத்தார்.

வெண்ணி கடைத்தெருவுக்குத் திரும்பி வந்தாள். நடந்ததை மறைக்கவில்லை.

"அண்ணே, வார் அறுந்தா என் குதிரை போயிடும். வார் நின்னா உங்க விரல் போயிடும். ரெண்டையும் சொல்லிட்டேன். இந்த நாட்டுல உங்களை விட்டா தைக்கறதுக்கு வேற ஆள் இல்ல. தைச்சுக் கொடுங்க."

வேண்டுமென்றே மோசமாகத் தைத்துவிடலாமா என்று அந்துவன் யோசித்தது உண்மை. அப்படிச் செய்ய அவன் கை வரவில்லை. தன்னால் முடிந்தவரை நன்றாகவே தைத்தான். அதுவே போதுமானதாக இருந்தது. வார் அறுந்தது.

அந்த முதல் வாருக்கு அவன் தடித்த நூலை எடுத்திருந்தான். நூல் தடித்தால் பலம் கூடும் என்று நினைத்தான். தடித்த நூல் நுழையப் பெரிய துளைகள் போட வேண்டியிருந்தது. வெண்ணி ஆற்றங்கரையில் கார்முகிலை ஓட்டிப் பார்த்தாள். மணலில் விழுந்தாள்.

தலைமுடியெல்லாம் மணலோடு வந்து நின்றாள். "நூல் அறலை அண்ணே. துளையெல்லாம் வாயைப் பிளந்துகிட்டுத் தோல்தான் கிழிஞ்சது."

"நீ ஏறின விதம் சரியில்ல" என்றான் அந்துவன்.

"இருக்கலாம். அரசரும் என்னை மாதிரியேதான் ஏறுவார்."

இரண்டாவது வாருக்கு மெல்லிய நூலை எடுத்தான். இந்த முறை தையல்களை நெருக்கி நெருக்கிப் போட்டான். தையல் கூடினால் பலமும் கூடும் என்று நினைத்தான். வெண்ணி முட்புதரில் விழுந்தாள்.

கையெல்லாம் கீறலோடு வந்தாள். "துளைங்க ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வாழையிலை கிழியற மாதிரி நேர்கோடாக் கிழிஞ்சது."

"புதர்ப்பக்கம் ஏன் ஓட்டினே?"

"நான் ஓட்டலை. விழறப்போ அங்கதான் இருந்துச்சு."

மூன்றாவது வாரில் தையல்களுக்கு நடுவே சரியான இடைவெளி விட்டான். துளைகளையும் நேராகப் போடாமல் குத்தூசியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துச் சாய்வாகப் போட்டான். அப்படிச் செய்தால் ஒரு துளையின் கிழிசல் அடுத்த துளைக்குப் போய்ச் சேராது. நூலுக்குத் தேன்மெழுகும் பூசினான். இனி அறுவதற்கு எதுவுமில்லை என்று சொல்லிக் கொடுத்தான்.

வெண்ணி குளத்தில் விழுந்தாள்.

சொட்டச் சொட்ட நனைந்து, வாரைக் கையில் பிடித்தபடி, நடுத்தெருவில் அவள் நடந்து வந்ததை அந்துவன் தூரத்திலிருந்தே பார்த்தான். கால் சுளுக்கியிருந்தது. ஆனாலும் திட்டவில்லை, புலம்பவில்லை. வாரை அவன் முன்னால் வைத்துவிட்டு, புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்றாள். பௌர்ணமி நெருங்கிவிட்டது.

அவள் ஏறிய விதத்தைப் பற்றிச் சொல்லத்தான் அந்துவன் வாயைத் திறந்தான். அவள் காலைப் பார்த்தான். சொல்ல வந்தது வரவில்லை.

"உட்காரு தங்கச்சி. எப்படி விழுந்தே, சொல்லு" என்றான்.

இத்தனை ஆண்டுகளில் அவன் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

வெண்ணி உட்கார்ந்தாள். "இந்தத் தடவை தோல் கிழியலை. வளையத்துப் பக்கம் முதல்ல டக்குனு ஒரு சத்தம். ஒரே ஒரு தையல்தான் போச்சு. சரி, ஒண்ணுதானேன்னு நினைச்சேன். கொஞ்ச தூரம் போனதும் அதுக்குப் பக்கத்துத் தையல் தளர்ந்துச்சு. அப்புறம் அதுக்கும் பக்கத்துல. அப்புறம் சரசரன்னு எல்லாம் ஓடிப்போச்சு. பிடிக்கறதுக்குள்ள தண்ணியில இருந்தேன்."

"இன்னொரு தரம் சொல்லு."

இன்னொரு தரம் சொன்னாள். அதே சத்தம், அதே சரசரப்பு.

அந்துவன் வாரின் மறுமுனையை எடுத்தான். அங்கேயும் ஒரு வளையம், அங்கேயும் அவன் தைத்த மடிப்பு, அது இன்னும் பிரியாமல் இருந்தது. கத்தியால் ஒரே ஒரு தையலை அறுத்தான். நூலின் நுனியைப் பிடித்து இழுத்தான். எறும்பு வரிசை முழுவதும் ஒரே இழுப்பில் அவன் கைக்கு வந்துவிட்டது. தோல் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

அவன் அந்த நூலைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தான். ஒரே நூல் மேலும் கீழுமாக ஓடிய தையல் அது. ஒரு கண்ணி போனால் அடுத்ததைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

அவன் சேணங்களிலிருந்து அதற்கு முன்பும் ஆட்கள் விழுந்திருந்தார்கள். வந்து கேட்டவர்களிடமெல்லாம் "உனக்கு ஏறத் தெரியலை" என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவர்களில் ஒருவன் தித்தன். குதிரைவீரனாக இருந்தவன். விழுந்து இடுப்பு ஒடிந்தபின் கோல் ஊன்றி நடந்து, அதே தெருவில் மோர் விற்றுக்கொண்டிருந்தான்.

அந்துவன் எழுந்து தித்தனிடம் போனான்.

"தித்தா, அன்னைக்கு நீ எப்படி விழுந்தே?"

தித்தன் மோர்ப்பானையை மெல்லக் கீழே வைத்தான். "இப்பத்தான் கேக்கறியா?"

"இப்பத்தான் கேக்கறேன்."

"டக்குனு ஒரு சத்தம். அப்புறம் சரசரன்னு ஓடிப்போச்சு. அன்னைக்கே உன் கடைக்கு வந்து இதைத்தான் சொன்னேன். நீ ஊசியை விட்டுத் தலையே நிமிரலை."

அந்துவன் மன்னிப்புக் கேட்டான். தித்தன் அதை ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, மறுத்ததாகவும் சொல்லவில்லை. "போய் ஒழுங்காத் தை" என்றான்.

அந்துவன் திரும்பிப் போய் நான்காவது வாரை எடுத்தான்.

இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே தோலைக் கவ்வவைத்து, பலகைகளைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டான். அப்போது இரண்டு கைகளும் வேலைக்கு வந்தன. ஒரே நூலின் இரண்டு நுனியிலும் ஒவ்வோர் ஊசி கோத்தான். ஒவ்வொரு துளையிலும் இடப்பக்கத்திலிருந்து ஓர் ஊசி, வலப்பக்கத்திலிருந்து ஓர் ஊசி. இரண்டையும் இழுத்த பிறகு இரு கைகளாலும் ஒரே அளவு இறுக்கினான். ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் அதே துளையில் நின்று பிடித்துக்கொள்ளும்.

சொல்வது சுலபம். அவன் இடது கை அதுவரை பிடித்துக்கொள்ள மட்டுமே பழகிய கை. அதற்கு ஊசியைக் கொடுத்ததும் அது அவன் விரலைக் குத்தியது. ஒருபக்கம் இறுகியது, மறுபக்கம் தொங்கியது. தையல் கோணல்மாணலாக வந்தது. பிரித்தான், தைத்தான். மறுபடி பிரித்தான், மறுபடி தைத்தான். நாட்டிலேயே வேகமான கை ஒரு சாண் தைக்க ஒரு பகல் எடுத்துக்கொண்டது.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன அந்துவா, கண்ணு மங்கிப்போச்சா?" என்று கேட்டார்கள்.

"இல்ல, இப்பத்தான் கத்துக்கறேன்" என்றான். சொல்லும்போது காது சிவந்தது. ஆனாலும் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

முடித்ததும் வாரை வெண்ணியிடம் கொடுக்கவில்லை. "நீ விழுந்தது போதும். நான் ஏறிப் பார்க்கறேன்" என்றான். தையலில் ஒரு கண்ணியைக் கத்தியால் தானே அறுத்துவிட்டு, கார்முகிலின் மேல் ஏறினான். அவன் குதிரையில் ஏறுவது அதுவே முதல் முறை. கொஞ்ச தூரம் போனதும் விழுந்தான்.

வெண்ணி ஓடிவந்து வாரைப் பார்த்தாள். வார் அப்படியே இருந்தது. சேணமும் அசையவில்லை. அவனுக்குத்தான் ஏறத் தெரியவில்லை.

இருவரும் புல்லில் உட்கார்ந்து சிரித்தார்கள். பிறகு அந்துவன் தன் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்தான். வெண்ணியும் அதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அண்ணே, இந்த வாரைக் கட்டினா..."

"தெரியும். அந்தக் கண்ணியை மட்டும் மறுபடி தைச்சுத் தரேன். கட்டு."

பௌர்ணமி நாள் வந்தது. வடக்கு வாசலில் கூட்டம் கூடியது. அரசரின் கனத்துக்குச் சமமான அரிசி மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அரசர் அதைப் பார்த்தார். "நான் மூட்டையா?" என்று கேட்டார். அரசர் மூட்டையைத் தள்ளிவிட்டுத் தாமே குதிரையில் ஏறினார்.

சோதிடர் கண்ணை மூடிக்கொண்டார். படைத்தலைவரும் மூடிக்கொண்டார். அமைச்சர் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

அரசர் ஒரு சுற்று வந்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் சுற்று வந்தார். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் சுற்றில், வாசலை நெருங்கும்போது, வளையத்துப் பக்கம் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வெண்ணி அந்துவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அரசரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார். சேணத்தின் முன்புறத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த தையல் தளரவில்லை. அதற்கடுத்ததும் தளரவில்லை. கார்முகில் நடந்துகொண்டே இருந்தது. அரசர் வாசலுக்கு வந்து, தம் விருப்பப்படி இறங்கினார்.

வெண்ணி ஓடிப்போய்க் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அமைச்சர் முன்னே வந்தார். "குதிரை குற்றமற்றது. அப்படியானால் பழைய வாரைத் தைத்தவன் யார்?"

"நான்தான் ஐயா" என்று அந்துவன் முன்னே வந்து கையை நீட்டினான். "என் தையலில்தான் கோளாறு. விரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அரசரிடம் ஒன்று கேட்க வேண்டும்."

"கேள்" என்றார் அரசர்.

"அரசே, அன்றைக்கு நீங்கள் எப்படி விழுந்தீர்கள்?"

கூட்டம் முணுமுணுத்தது. விழுந்ததைப் பற்றி அரசரிடமே பேசுவதா? அரசர் மட்டும் கோபப்படவில்லை. நீண்ட நாள் பசித்தவர் இலையைப் பார்த்ததுபோல அந்துவனைப் பார்த்தார்.

"டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இன்று கேட்டேனே, அதே சத்தம். பிறகு சரசரவென்று என்னவோ ஓடியது. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் விழுந்துவிட்டேன். அவையிலாவது சொல்லலாம் என்றிருந்தேன். இவர் சனி என்றார், இவர் சாலை என்றார், இவர் குதிரை என்றார். இவ்வளவு பேர் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது, விழுந்தவன் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன்."

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "அரசே, விரல்..."

"வேண்டாம். கட்டைவிரல் இல்லாதவன் தைத்த சேணத்தில் நான் ஏறமாட்டேன்" என்றார் அரசர். பிறகு அந்துவன் பக்கம் திரும்பினார். "படையிலுள்ள மற்றச் சேணங்களை எப்படித் தைத்திருக்கிறாய்?"

அந்துவன் பொய் சொல்லவில்லை. "பழைய மாதிரிதான், அரசே. எல்லாவற்றையும் பிரித்துத் தைக்க வேண்டும்."

"பிரி" என்றார் அரசர்.

அந்த மழைக்காலம் முழுவதும் கடம்பனேரியின் குதிரைப்படை நடந்தே போயிற்று. படைத்தலைவரும் சேற்றில் நடந்தார். அந்துவன் ஒவ்வொரு சேணமாகப் பிரித்து இரண்டு ஊசியால் தைத்தான். சேணத்தை வாங்க வந்த ஒவ்வொரு வீரனையும் உட்காரவைத்து, அது எங்கே உறுத்துகிறது, எங்கே சரிகிறது, எப்போதாவது விழுந்தாயா என்று கேட்டான். சிலர் உண்மையைச் சொன்னார்கள். சிலர் தாங்கள் விழுந்ததே இல்லை என்று சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் நின்று மெல்லிய குரலில் உண்மையைச் சொன்னார்கள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவன் கை முன்போல வேகமாக இல்லை. தைத்தது பிரியவும் இல்லை.

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: தன் வேலையால் பிறர் விழும்போது அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுத் தன் வேலையைத் தானே பிரித்துப் பார்க்கத் துணிகிறவர்தான் அந்த வேலையில் தேறுவார்.